கூண்டு கழற்றும் செலவு

தெருமரத்துக்கு முதல் எதிரி யார் என்று நகராட்சியில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கரையான் என்பார் ஒருவர். கிளையைக் கண்டபடி வெட்டும் மின்வாரியத்து ஆட்கள் என்பார் இன்னொருவர். விளம்பரத் தட்டிக்கு ஆணி அடிப்பவர்களைத் தூக்கில் போடலாம் என்பார் மூன்றாமவர். மரப்பிரிவின் மேற்பார்வையாளரைக் கேட்டால் மட்டும் ஒரே சொல்லில் முடித்துவிடுவாள்: கூண்டு.

அலுவலகத்தில் அவள் மேடம். தெருவில் மரத்து மேடம். வீட்டுக்குள் நுழைந்ததும் வெறும் மருமகள். மூன்றில் எந்த வேலை கஷ்டம் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காதவரை நல்லது, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

கூண்டின் கதை இதுதான். மரம் வளர்க்க நகராட்சியிடம் பணம் கிடையாது. அதனால் நன்கொடைத் திட்டம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பணம் கட்டலாம். அந்தப் பணத்தில் ஒரு கன்று, அதைச் சுற்றி ஆளுயர இரும்புக் கூண்டு, கூண்டின் நெற்றியில் கட்டியவர் சொல்லும் பெயரோடு ஒரு பலகை. கன்று கிட்டத்தட்டக் கொசுறு. பணமெல்லாம் இரும்புக்கும் பலகைக்கும்தான் போகும். கட்டியவர்கள் வந்து ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, போட்டோ எடுத்துக்கொண்டு, போனவர்கள் போனவர்கள்தான். கன்று அடுத்த கோடையில் செத்துவிடும். அதே கூண்டுக்குள் வேறு கன்று வைப்பார்கள். கூண்டு நிரந்தரம், மரம் தற்காலிகம். அந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையிருக்கவில்லை, மரத்தைத் தவிர.

அப்புறம் இவள் வந்தாள். ஓட்டை ஒடிசலாகக் கிடந்த தண்ணீர் லாரியை ஆட்களின் கழுத்தைப் பிடித்து ஓட வைத்தாள். விடியும் முன்பே தெருத்தெருவாக ஊற்றச் சொன்னாள். கன்றுகள் பிழைத்துக்கொண்டன. பிழைத்ததுதான் தப்பாகப் போயிற்று. பிழைத்த கன்று மரமாகும், மரம் பருக்கும், பருத்தால் கூண்டு போதாது என்பதை நன்கொடைத் திட்டம் எழுதியவர்கள் நினைத்தே பார்த்திருக்கவில்லை.

கணக்குப் பிரிவு அதிகாரி நல்ல மனிதர்தான். ஆனால் பட்ஜெட்டில் தலைப்பு இல்லாத செலவைக் கண்டால் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

"கூண்டு வைக்கறதுக்குத் தலைப்பு இருக்கு மேடம். எடுக்கறதுக்குத் தலைப்பே இல்லையே."

"அப்போ ஒண்ணு உண்டாக்குங்க சார்."

"இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல."

"செத்த மரம் எப்படி சார் கேக்கும்? இப்பதான் உயிரோட கொஞ்சம் இருக்கு. நான் அதுங்களுக்காகக் கேக்கறேன்."

வருஷக்கணக்கில் அரைத்த மாவையே அரைத்தாள். கடைசியில் அந்த அதிகாரியே ஒருநாள் சலித்துப்போய், வேறெதிலோ மிச்சமான ஒரு சின்னத் தொகையைத் தேடிப்பிடித்து அவள் தலையில் கட்டினார். இரண்டு நிபந்தனை. கூண்டு நன்கொடையாளர் கொடுத்தது, அதனால் ஒவ்வொரு கூண்டுக்கும் கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும்.

மற்ற தெருக்களில் பெரிய தொல்லை இல்லை. பாதிப் பேருக்குத் தங்கள் பெயரில் மரம் இருப்பதே மறந்துபோயிருந்தது. சிக்கல் அவள் குடியிருக்கும் தெருவில் வந்தது. அங்கே நன்கொடை மரங்கள் வரிசையாக நிற்கின்றன, கொடுத்தவர்கள் எல்லாரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். முதலில் தையல்காரரிடம் போனாள். அவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே சம்மதத் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கொண்ணும் இல்ல மேடம். முதல்ல உங்க வீட்டு மரத்துல கை வைங்க. அடுத்த நிமிஷம் நான் போட்டுத் தர்றேன்."

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டார்களா என்ன? அப்படியெல்லாம் இல்லை. அவள் வீட்டு வாசல் மரத்தில் கை வைப்பது எவ்வளவு லேசான காரியம் என்று தெருவுக்கே தெரியும்.

அது அவளுடைய மாமியார் பெயரில் நிற்கும் வாகை மரம்.

மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மாமியார் வேலைக்கே போனதில்லை, ஆனாலும் தெருவில் அவளுக்குப் பெயர் கண்டக்டரம்மா. வீட்டில் வண்டியை ஓட்டுவது வேண்டுமானால் அவராக இருக்கலாம், விசில் கொடுப்பது அவள்தான். பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தால் "தள்ளி உக்காரு, தள்ளி உக்காரு, இடம் இருக்கு" என்று ஒரு குரல். விருந்தாளி எழுந்திருக்க நேரமானால் "இறங்க வேண்டியவங்க இறங்கலாம்" என்று இன்னொரு குரல். அவளுக்கும் மருமகளுக்கும் ஏழாம் பொருத்தம். பெரிய சண்டை என்று ஒன்றும் கிடையாது. சமையலறையில் ஒருத்தி இருந்தால் மற்றவளுக்குக் கொல்லைப்புறத்தில் வேலை வந்துவிடும், அவ்வளவுதான். வீடு முழுக்க அந்த இடைவெளியை அளந்து அளந்தே இருவரும் காலத்தை ஓட்டினார்கள். ஒருநாள் மாமியார் படுத்தாள், அதிகம் யாரையும் படுத்தாமல் போய்ச் சேர்ந்தாள். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து மாமனார் வாசலில் கன்று வைத்தார்.

வைத்ததோடு நிற்கவில்லை. வருஷம் தவறாமல் கூண்டுக்குப் பெயிண்ட் அடிப்பார். கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக, லாரிக்காரன் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரிகிற மாதிரி. பலகையைத் துணி போட்டுத் துடைப்பார். ஒருமுறை கூண்டின் கம்பிகள் வளைந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தெருவே அதிரக் கத்தினார்.

"எந்தத் தறுதலையோ ரிவர்ஸ் எடுத்து இடிச்சுட்டுப் போயிருக்கான். கண்ணாடிய பாத்து ஓட்டத் தெரியாதவன் கையில எல்லாம் வண்டியக் குடுத்தா இப்படித்தான்."

வெல்டரைக் கூட்டிவந்து கம்பிகளை நேராக்கி, பலத்துக்கு இருக்கட்டும் என்று நடுவில் கூடுதலாக ஒரு வளையமும் போட்டார். மறுபடி வளைந்தது. மறுபடி திட்டினார், மறுபடி நேராக்கினார். மருமகள் வேலையிலிருந்து வந்து அந்தப் புது வளையத்தைப் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ஊரிலுள்ள மரத்துக்கெல்லாம் வாயாடுகிறவள் இந்த ஒரு மரத்துக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டாள். அந்த மரத்தைப் பற்றி என்ன சொன்னாலும் மாமியாரைப் பற்றிச் சொன்னதாகிவிடும் என்று பயம்.

இப்போது வாயை மூடிக்கொண்டிருக்க முடியாத நிலைமை. வளையத்துக்கு மேலே பட்டை பிதுங்கி, உதடு மாதிரி இரும்பின் மேல் கவிந்திருந்தது. உச்சியில் இலை சிறுத்து வெளுத்துவிட்டது. ஒரு கிளை துளிர்க்கவே இல்லை. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் மரம் நிற்குமோ நிற்காதோ. நின்றாலும் ஒரு நல்ல காற்றில் வளையம் இறுக்கிய இடத்திலேயே ஒடியும். அவள் அதை அறிந்தவள். அறிந்துகொண்டே தினமும் அதைத் தாண்டி வேலைக்குப் போவது அவளை உள்ளுக்குள் அரித்தது.

சாயங்காலம் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மாமனார் முன்னால் உட்கார்ந்தாள். புருஷன் அந்த நேரம் பார்த்துத் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். அப்பாவுக்கும் மனைவிக்கும் நடுவில் ஏதாவது பேச்சு வரும்போல் இருந்தால் அவனுக்கு உடனே குளிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஆள் எப்போதும் பளிச்சென்று இருப்பான்.

அவள் சொன்னதை மாமனார் கடைசிவரை கேட்டார். பிறகு தாளை மெதுவாக அவள் பக்கமே நகர்த்தினார்.

"கூண்டை எடுத்தா பலகையை எங்கம்மா மாட்டுவே?"

"மரத்துல ஆணி அடிக்கக் கூடாது மாமா. வீட்டுக்குள்ள மாட்டிக்கலாம்."

"வீட்டுக்குள்ள யாரு படிக்கப் போறா?" அவர் குரல் உயரவில்லை. "வீட்டுப் பத்திரத்துல எங்க அப்பா பேரு. கேட்டுல என் பேரு. கரண்டு பில்லுல என் பேரு. அவ பேரு எங்க இருக்குன்னு சொல்லு. தெருவுல எல்லாருக்கும் அவ கண்டக்டரம்மா. அவளுக்குன்னு ஒரு பேரு இருந்துச்சுன்னு சொல்றதுக்கு அந்தப் பலகை ஒண்ணுதான் நிக்குது. அதையும் நீயே கழட்டணுமா?"

நீயே என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவர் அதை வேண்டுமென்று சொன்னாரா, வாய் தவறி வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. எப்படி வந்திருந்தாலும் வலித்தது. தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை.

மறுநாள் பக்கத்துத் தெருவில் கூண்டு வெட்டும் வேலை முடிகிற கட்டத்தில் இருந்தது. கட்டிங் மெஷின்காரர் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் மேடம். அப்புறம் வேற வேலைக்குப் போயிடுவோம். உங்க தெரு உண்டா, இல்லையா?"

"நாளைக்குக் காலையில சொல்றேன்."

கணக்கு அதிகாரிக்கும் போன் செய்தாள். இன்னும் சில நாளில் நிதியாண்டு முடிகிறது, அவர் பங்குக்கு அவரும் தவித்துக்கொண்டிருந்தார். மனுஷன் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். "உங்க வீட்டுக்காரரைப் போடச் சொல்லுங்களேன் மேடம். வாரிசுதானே. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு, கொஞ்சம் முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டதோ என்று வருத்தமாகவும் இருந்தது. அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் மகனை வைத்துத் தகப்பனை ஏமாற்றி மரத்தைக் காப்பாற்றினால், அப்புறம் அந்த வாசலை எப்படித் தாண்டுவது?

வீடு திரும்பியபோது மாமனார் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் பிரஷ், பக்கத்தில் மஞ்சள் டப்பா. இது பெயிண்ட் அடிக்கிற மாசமே இல்லை. அவள் செருப்பைக் கழற்றாமல் அங்கேயே நின்றாள். மரத்தைப் பற்றிப் பேசினால் பலிக்காது என்பது தெரிந்துவிட்டது. வண்டியைப் பற்றிப் பேசினாள்.

"மாமா, ஒரு சந்தேகம். இந்த மாதிரி கூண்டுல ஒரு வண்டி ரிவர்ஸ்ல வந்து இடிச்சா கம்பி எந்தப் பக்கம் வளையும்?"

வண்டி என்றதும் அவர் முகம் தெளிந்தது. நாற்பது வருஷம் வண்டி ஓட்டியவர், யார் கேட்டாலும் உச்சி குளிர்ந்துவிடும்.

"இதென்ன கேள்வி? பம்பர் இங்க வந்து படும்." பிரஷ்ஷின் பின்பக்கத்தால் காட்டினார். "பட்ட இடத்துல கம்பி உள்ள போகும். எவ்வளவு மெதுவா இடிச்சாலும் சரி, வெளியிலேருந்து இடிச்சா உள்ளதான் போயாக..."

பேச்சு அங்கேயே நின்றது.

அவர் கம்பியைப் பார்த்தார். அது தெருவைப் பார்த்து வெளியே வளைந்திருந்தது. முழங்காலில் கை ஊன்றி எழுந்து சுற்றி வந்தார். வீட்டுப் பக்கத்துக் கம்பி வீட்டை நோக்கி வளைந்திருந்தது. இந்தப் பக்கம் எந்த லாரியும் வரமுடியாது, நடுவில் சாக்கடையும் படியும் இருக்கின்றன. நாலு பக்கமும் கம்பி உள்ளேயிருந்து வெளியே தள்ளிக்கொண்டுதான் இருந்தது. அவர் போட்ட கூடுதல் வளையம் மட்டும் வளையவில்லை. நல்ல பலமான வளையம்.

அவர் டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டுமுறை நழுவியது, அவளே குனிந்து அழுத்திக் கொடுத்தாள். இரவுச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டுப் படுக்கப் போனார். அவளுக்கு வெற்றி பெற்ற மாதிரியே இல்லை. ஒரு வயதான மனிதரை அவருடைய தொழிலை வைத்தே மடக்கியது பாவம் என்றுதான் இருந்தது.

விடியும் நேரத்தில் வாசலில் தண்ணீர் லாரியின் உறுமல் கேட்டது. சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மாமனார் ஏற்கெனவே அங்கே இருந்தார், நாற்காலி போட்டு, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு. இரவு எப்போது எழுந்து போனாரோ. லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பின்னால் குழாய் பிடித்திருந்தவருக்குக் குரல் கொடுத்தார்.

"கண்டக்டரம்மாவுக்கு நல்லா ஊத்துப்பா."

மாமனார் நிமிர்ந்தார். "யாருக்கு?"

லாரி டிரைவர் அப்போதுதான் ஆளைக் கவனித்தார். "இந்த மரத்துக்குங்க சார். இது கண்டக்டரம்மா."

"பலகையில வேற பேருல்ல இருக்கு. படிச்சதில்லையா?"

"நாங்க வர்ற நேரத்துல பலகை எங்க சார் தெரியுது? அடுத்த தெருவுல ஜவுளிக்கடை, முனையில டாக்டரு, இங்க கண்டக்டரம்மா. வேலைக்கு யாரு புதுசா வந்தாலும் இப்படித்தான் சொல்லித் தர்றது."

"அவளைப் பாத்திருக்கியா நீ?"

"எங்க சார். நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்களாம். ரொம்பக் கண்டிப்புன்னு கேள்வி. தண்ணி குறைச்சு ஊத்தினா அன்னைக்கு வண்டி எங்கயாவது நின்னுடும்னு எங்க ஆளுங்களுக்குள்ள ஒரு பேச்சு. அதனால இங்க மட்டும் யாரும் ஏமாத்த மாட்டோம்."

மாமனார் சிரித்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

"நின்னுடும்" என்றார் அவர். "கண்டிப்பா நின்னுடும். அந்தப் பேரு நான் வச்சதுப்பா. கல்யாணமான புதுசுல, ஏதோ கோவத்துல சொன்னேன். தெருவே புடிச்சுக்கிச்சு."

லாரி அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிட்டது. அவர் எழுந்து சமையலறை வாசலுக்கு வந்து நின்றார்.

"அந்தத் தாளக் குடும்மா."

அவள் கொடுத்தாள். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக வந்தது.

"ஒண்ணு மட்டும். அவங்க வெட்டும்போது நீ வேற தெருவுக்குப் போயிடாதே. பக்கத்துல நில்லு."

"நிக்கறேன் மாமா."

வெயில் ஏறும் முன்பே மெஷின் வந்தது. ஈரச்சாக்கைக் கம்பிக்கும் பட்டைக்கும் நடுவில் திணித்து, சூடு மரத்தில் இறங்காதபடி வெட்டச் சொன்னாள். பலகையைத்தான் முதலில் கழற்றினார்கள். மாமனார் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். கம்பிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கறுப்பும் மஞ்சளும் தெருவில் சிதறின. வளையத்தில் பாதி மரத்துக்குள் போயிருந்தது. மெஷின்காரர் அதை நெம்பி எடுக்கப் போனார்.

"உள்ள போனதைத் தோண்டாதீங்க. வெளிய இருக்கறதை மட்டும் நறுக்குங்க. மிச்சத்தை அது மூடிக்கும்."

தையல்காரர் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, தானே தாளைக் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டிலிருந்தும் ஒருவர் வந்தார். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே புருஷனும் வெளியே வந்தான். எல்லாம் முடிந்திருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு முகம் மலர்ந்தது.

மெஷின் தையல்காரர் வீட்டு மரத்துக்கு நகர்ந்ததும் வாசலில் சத்தம் அடங்கியது. மரம் இப்போது வெறுமனே நின்றது, இடுப்பில் ஆழமான தழும்போடு. மாமனார் பலகையை மகனிடம் கொடுத்துவிட்டுக் கிட்டே போனார்.

"பொழைக்குமாம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. அவளுக்கு மரத்தைப் பற்றிப் பொய் சொல்ல வராது.

"தெரியாது மாமா. அடுத்த துளிர் எப்படி வருதுன்னு பாத்தாத்தான் தெரியும். வேர் நல்லா இருக்கு. இவ்வளவு காலம் தள்ளிக்கிட்டே இருந்திருக்கு, அதுக்குத் தெம்பு இருக்கு."

அவர் கையை நீட்டிப் பட்டையில் வைத்தார். தடவவில்லை, சும்மா வைத்தார்.

"வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சேன். அத்தனையும் இரும்புக்குத்தான். இதை நான் ஒருநாளும் தொட்டதில்லம்மா."

அவளும் தொட்டதில்லை. ஊரில் எத்தனையோ மரங்களைத் தட்டிப் பார்த்திருக்கிறாள், பட்டையைக் கிள்ளிப் பச்சை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். சொந்த வாசலில் நின்ற இதை மட்டும் கூண்டுக்கு வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்தில் போய்த் தழும்புக்கு மேலே கையை வைத்தாள். பட்டை ஈரச்சாக்கின் குளிர்ச்சியோடு இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. அதை மறைக்க அவள் முயலவில்லை.

மாமனார் அவளையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ இருந்தவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு கிட்ட நின்னு நான் பாத்ததே இல்லம்மா."

அவள் கையை எடுக்காமல் நின்றாள்.